கர்ப்பிணியைக் காக்கும் பருவநிலைச் சட்டம்: வயல் வரப்பிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வைகாசி மாதம், பருத்தி எடுக்கும் வயல் ஒன்றில் பார்த்தது இது. மணி பதினொன்று இருக்கும். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் சேலை மடியில் பஞ்சைச் சேர்த்துக்கொண்டே வரப்பு ஓரம் வந்தார். அங்கே ஒரு வேப்பங்கன்றின் அடியில் அவருடைய தண்ணீர் பாட்டில் கிடந்தது. காலை ஏழு மணிக்கு வீட்டில் நிரப்பியது. கழுத்து வரை அப்படியே இருந்தது.

"ஏன் தாயி, தண்ணியே குடிக்கலையா?" என்றார் உடன் வந்த கிராம சுகாதார செவிலியர்.

"குடிச்சா எங்க நர்சம்மா போறது? சுத்தி ஆம்பளைங்க நிக்கிறாங்களே."

பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப நம்மைத் தகவமைத்துக்கொள்வது என்றால் கடல் சுவர், அலையாத்திக் காடு, சூரிய மின்சாரப் பம்பு என்று பெரிய விஷயங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த வயலில் தேவைப்பட்டதோ வரப்போரம் நான்கு பக்கம் மறைப்புள்ள ஒரு கழிப்பறை. அது இருந்திருந்தால் பாட்டில் காலியாகியிருக்கும்.

வெப்பத் திட்டம், பேரிடர்த் திட்டம், பருவநிலைத் திட்டம் என்று எதை எடுத்துப் படித்தாலும் "கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மீது சிறப்புக் கவனம் செலுத்தப்படும்" என்று ஒரு வரி இருக்கும். யார் செலுத்துவார், எந்தத் தேதிக்குள், யார் பணத்தில் என்று இருக்காது. இந்த வழிகாட்டி அந்த ஒற்றை வரியை ஒரு ஆளின் கடமையாக மாற்றுவதைப் பற்றியது. ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், மகளிர் குழுக்கள், தொழிற்சங்கத்தார், செவிலியர்கள், சட்டம் படிப்பவர்கள் என யார் வேண்டுமானாலும் இதைக் கையில் எடுக்கலாம். தமிழ்நாட்டை வைத்தே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வெயிலும் வெள்ளமும் இங்கேதான்.

முதல் படி: உடலுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கலெக்டர் முன்னால் நின்று பேசும்போது "வெயில் ஆகாது" என்று சொன்னால் எடுபடாது. காரணத்தோடு சொல்ல வேண்டும்.

கர்ப்பிணியின் உடல் தானே அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது, வயிற்றில் வளரும் உயிரின் வெப்பத்தையும் அதுதான் வெளியேற்ற வேண்டும். வெளியே வெயில் ஏறும்போது உடலைக் குளிர வைக்க ரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வியர்வையில் நீர் வற்றினால் இது இன்னும் மோசமாகும். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும். அந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்துக்கு ஒரு காரணம். அந்தப் பாட்டில் நிறைந்திருந்ததற்கும் குறைமாதக் குழந்தைக்கும் இடையே உள்ள வழி இவ்வளவு குறுகியது.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். வேலையில் கடும் வெப்பத்துக்கு ஆளானவர்களிடம் கரு கலைவதும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். 2024-ல் வெளியான இந்த ஆய்வை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கையில் வைத்திருங்கள். நம் மண்ணில், நம் பெண்களிடம் செய்தது என்பதால் அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாது.

இரண்டாம் படி: எந்தச் சட்டத்தில் பிடி இருக்கிறது என்று பாருங்கள்

"கர்ப்பிணிகளுக்கான பருவநிலைச் சட்டம்" என்று ஒரே புத்தகமாக எதுவும் இந்தியாவில் இல்லை. நாலைந்து சட்டங்களில் சிதறிக் கிடப்பதைக் கோத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

மேலே இருப்பது அரசியலமைப்பு. 2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டிருப்பது 14 (சமத்துவம்), 21 (உயிர்வாழும் உரிமை) ஆகிய பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று ஏற்றுக்கொண்டது. வழக்கு என்னவோ கானமயில் பறவையையும் ராஜஸ்தான், குஜராத் மின்கம்பிகளையும் பற்றியது. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் வரிகள் எல்லோருக்கும் பொருந்தும். கூடவே 42-வது பிரிவு இருக்கிறது. மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலுக்கும் மகப்பேறு உதவிக்கும் அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. அதை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது, 21-வது பிரிவோடு சேர்த்து வாசித்தால் பலம் வரும்.

உண்மையான பிடி இருப்பது 2005-ன் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில். இதன் 31-வது பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும், அதை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். 41-வது பிரிவு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமை விதிக்கிறது. 12-வது பிரிவின் கீழ் நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரங்களை தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் வெளியிட்டது. முகாமில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான பிரசவத்துக்கான ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. முகாமுக்குப் போகும்போது இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

2024-ல் வெப்ப அலை தேசியப் பேரிடர்ப் பட்டியலில் இல்லை. ஆனால் மாநிலப் பேரிடர் நிதியில் 10 விழுக்காடு வரை மாநிலமே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்று விதி உண்டு. அதைப் பயன்படுத்தித் தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். குடிநீர்ப் பந்தலுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கும் இந்த நிதியிலிருந்து எடுக்கலாம். நல்ல முடிவு. ஆனால் அந்த 4 லட்சம் இறந்தால் மட்டும்தான். வெப்பத்தால் எட்டாம் மாதத்தில் குழந்தையை இழந்த தாய்க்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. இந்த ஓட்டையைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

மகப்பேறு நலச் சட்டம் 1961-லேயே வந்தது. 26 வார விடுப்பு பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு விதி அதில் இருந்தது. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் உள்ள ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், கடுமையான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது. விடுப்பு எடுக்காமல் அந்த ஆறு வாரத்திலும் வேலைக்கு வந்தால் அப்போதும் அப்படித்தான். இலகுவான வேலை தந்ததற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மகப்பேறு விதிகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கின்றன.

இந்த விதியில் இரண்டு குறைகளைக் கவனியுங்கள். ஒன்று, கணக்குப் போட்டால் பாதுகாப்பு ஏறத்தாழ 30-வது வாரத்தில்தான் தொடங்குகிறது. முதல் மாதங்களில் கருவைக் குலைக்கும் வெப்பத்துக்கு அதில் பதிலில்லை. இரண்டு, வயலுக்கும் வீட்டு வேலைக்கும் இந்தச் சட்டம் எட்டுவதில்லை. வெயிலில் அதிகம் காய்பவர்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அன்றாடக் கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்னது. அரசு, உள்ளாட்சி வேலைகளுக்கு அந்தத் தீர்ப்பைத் தயங்காமல் எடுத்துக்காட்டலாம்.

இவை போக, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-ல் ஏற்றது. அதன் குழு 2018-ல் தந்த 37-வது பொதுப் பரிந்துரை, பருவநிலையையும் பேரிடரையும் பெண்களின் நிலையிலிருந்து பார்க்கச் சொல்கிறது. மனுவில் ஒரு வரி சேர்க்க உதவும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: பெயரும் தேதியும் உள்ள பட்டியலைக் கையில் எடுங்கள்

தமிழ்நாட்டில் நமக்கு இருக்கும் பெரிய பலம் இது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி (அரசின் இணையவழிக் கர்ப்பிணிப் பதிவேடு) பதிவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அந்த எண் வேண்டும் என்பதால் பெரும்பாலோர் பதிந்துவிடுகிறார்கள். செவிலியர் கையில் இருக்கும் பதிவேட்டில் யார், எந்தத் தெரு, எந்தத் தேதியில் பிரசவம், யாருக்கு ரத்தசோகை, யாருக்கு ரத்த அழுத்தம் எல்லாமே இருக்கிறது. அவ்வளவு தகவல் இருந்தும் அது வெயிலோடும் வெள்ளத்தோடும் பேசுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவிலிருந்து ஒருவர் என மூவரும் மாதம் ஒருமுறை உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மூன்று கேள்விகள். எங்கே வேலை செய்கிறார், நிழல் உண்டா? வீடு தாழ்வான பகுதியிலா, தகரக் கூரையா? மழையில் 108 வண்டி வாசல் வரை வருமா, வராவிட்டால் எந்த இடம் வரை வரும்?

மூன்றாவது கேள்வியைச் சும்மா கேட்டுவிட்டு விடாதீர்கள். நடந்து போய்ப் பாருங்கள். தார்ச்சாலை முடியும் இடம், தரைப்பாலம் மூழ்கும் இடம், கட்டில் வைத்துத் தூக்கிவர வேண்டிய தூரம் இதையெல்லாம் ஊர் வரைபடத்தில் குறித்தால் அதுதான் உங்கள் ஊரின் முதல் தகவமைப்புத் திட்டம்.

ஒரு எச்சரிக்கை. இது உடல்நலத் தகவல். வாட்ஸ்ஆப் குழுவில் போடவோ ஊராட்சிச் சுவரில் ஒட்டவோ கூடாது. திருமணமாகாத பெண், கருவை மறைத்து வைத்திருக்கும் பெண், புகுந்த வீட்டுக்குச் சொல்லாத பெண் என எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். பட்டியல் செவிலியரிடமே இருக்கட்டும். இந்த மூவரைத் தவிர மற்றவர்களுக்கு எண்ணிக்கையும் தெருவும் போதும்.

நான்காம் படி: வெயிலை வேலை நேரத்திலிருந்து விலக்குங்கள்

வானிலை மையம் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி தொட்டு, அதுவும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடினாலோ, 45 டிகிரியையே தொட்டாலோதான் வெப்ப அலை என்கிறது. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் 36 டிகிரியிலும் காற்றின் ஈரப்பதம் சேர்ந்து வியர்வை காயாமல் உடல் கொதிக்கும். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு அறிவிப்பு வராத நாள்களும் ஆபத்தான நாள்கள்தான். அதனால் "வெப்ப அலை அறிவித்தால்" என்று தொடங்கும் எந்த உத்தரவும் கர்ப்பிணிக்குப் போதாது. மார்ச் முதல் ஜூன் வரை முழுக்க என்று கேளுங்கள்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே தொழிலாளர் ஆணையர் கோடைதோறும் உத்தரவு போடுகிறார். வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு. 1958-ன் குறைந்தபட்சக் கூலி விதிகளின் கீழ் வருவதால் அதற்குச் சட்ட பலம் உண்டு, மீறினால் வேலையை நிறுத்தவும் முடியும். புதுச் சட்டம் எதுவும் இயற்றவில்லை, இருந்த விதிக்குள்ளேயே வழி கண்டார்கள். இங்கும் அப்படியொரு உத்தரவு வேண்டும் என்று கேட்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஆனால் கூலியைப் பற்றிப் பேசாமல் ஓய்வைப் பற்றிப் பேசாதீர்கள். செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. உட்கார்ந்தால் கூலி குறையும். கடன் வாங்கிக்கொண்டு வந்த குடும்பத்தில் கர்ப்பிணி உட்கார மாட்டார், உட்காரவும் விடமாட்டார்கள். ஆகவே மனுவில் "சம்பளக் குறைப்பின்றி" என்ற சொல் இருக்க வேண்டும். துண்டு வேலை என்றால் சராசரி நாள் கூலியைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்று எழுதுங்கள். குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு கூலிப் பெண்களுக்கு வெப்பக் காப்பீடு எடுத்து, வெப்பம் வரம்பைத் தாண்டிய நாள்களுக்குக் கையில் பணம் கிடைக்க வழிசெய்திருக்கிறது. அன்றைய கூலிக்கு மாற்று இருந்தால்தான் நிழலில் உட்காருவார்கள் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

நூறு நாள் வேலையில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இருந்தவை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. எந்தப் பெயரில் வேலை நடந்தாலும் வேலையிடத்தில் மறைப்புக் கழிப்பறை, காலை 6 மணித் தொடக்கம், கர்ப்பிணிக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை, பிள்ளை பார்க்கும் வேலை இந்த நான்கையும் கேளுங்கள்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. நாற்காலி இருந்தும் உட்கார விடாத கடைகள் உண்டு. தொழிலாளர் ஆய்வாளரிடம் புகார் தரலாம்.

முறையான நிறுவனத்தில் வேலை என்றால் இப்படி ஒரு கடிதம் போதும்:

"நான் … பிரிவில் வேலை செய்கிறேன். எனக்குப் பிரசவத் தேதி … என மருத்துவர் குறித்துள்ளார். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஆறாம் அத்தியாய மகப்பேறு விதிகளின்படி, … தேதி முதல் வெப்பத்திலும் நெடுநேரம் நின்றும் செய்யும் வேலையிலிருந்து விலக்கி, சம்பளக் குறைப்பின்றி மாற்று வேலை தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "கேட்டுக்கொண்டால்" என்று சட்டம் சொல்வதால், கேட்டதற்கான அந்தத் துண்டுக் காகிதம்தான் எல்லாம்.

மருத்துவமனையையும் மறந்துவிடக் கூடாது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த பிறகு, 2013-ல் அந்த நகரம் வெப்பத் திட்டம் போட்டது. அங்கே ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் வெப்பத்தால் அவதிப்பட்டதற்குக் காரணம் என்ன தெரியுமா? பிரசவ வார்டு மேல்மாடியில், கொதிக்கும் கூரைக்கு நேர் கீழே இருந்தது. வார்டைக் கீழே மாற்றினார்கள், பாதிப்புக் குறைந்தது. உங்கள் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு எந்த மாடியில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: புயலுக்கு முன்பே பிரசவத்தைத் திட்டமிடுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது. விமானப்படை ஹெலிகாப்டரில் மீட்டவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். நெஞ்சார நன்றி சொல்ல வேண்டிய வேலை அது. ஆனால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஹெலிகாப்டர் வராது.

ஒடிசாவில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 1999 பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை இழந்த மாநிலம் அது. 2024 அக்டோபரில் டானா புயல் கரையைக் கடக்கும் முன்பே நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். அவர்களில் சுமார் 1,600 பேருக்கு அங்கேயே குழந்தை பிறந்தது. இதற்கு ராக்கெட் தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. பிரசவத் தேதி எழுதிய பட்டியலும், வண்டி அனுப்ப ஒரு ஆளும் போதுமாயிருந்தது. வழி துண்டிக்கப்படும் ஊர்களுக்கு "மா கிருஹ" என்ற காத்திருப்பு இல்லங்களும் அங்கே உண்டு. பிரசவத்துக்குச் சில நாள் முன்பே வந்து தங்கலாம்.

தமிழ்நாட்டிலும் புயல் எச்சரிக்கை வந்தால் நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். 2020 நிவர் புயலிலும் அப்படிச் செய்தார்கள். மலைப்பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறைகளும் இருக்கின்றன. கேட்க வேண்டியது, இந்த வழக்கம் மாவட்டத் திட்டத்தில் எழுத்தாக ஏற வேண்டும் என்பதை. நல்ல அதிகாரி இருக்கும் ஆண்டில் நடந்து, அவர் மாற்றலான ஆண்டில் விட்டுப்போவதற்கு உயிர் என்ன பந்தயமா?

திட்டத்தில் ஏற வேண்டியவை: புயல் கரையைக் கடக்கும் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பிரசவத் தேதி உள்ள எல்லோரையும் 48 மணி நேரம் முன்பே மாற்றுவது, யாரை எந்த மருத்துவமனைக்கு என்பது, அங்கே ஜெனரேட்டருக்கு டீசல், ரத்தம், குளிர்பதன மருந்துகள், மாற்றுப் பாதை, படகு. இன்னொன்றையும் சேருங்கள், ஏனென்றால் நடைமுறையில் எல்லாம் இங்கேதான் தடுக்கிக்கொள்கிறது. கூட ஒரு பெண் துணையும் மூத்த பிள்ளைகளும் தங்க இடம். "தலைச்சன் பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வர்றது? ஆட்டுக்கு யாரு தழை போடுவா?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அது பிடிவாதமில்லை, நியாயமான கேள்வி. பிள்ளைக்கும் ஆட்டுக்கும் ஏற்பாடு செய்தால் வண்டியில் ஏறுவார்கள்.

ஆறாம் படி: குடிநீரில் உப்பைப் பாருங்கள்

கடல்நீர் நிலத்தடியில் ஏறிய ஊர்களில் குழாய்த் தண்ணீரே கரிக்கிறது. வங்கதேசத்தின் கடலோரப் பகுதியான டாகோப்பில் நடந்த ஆய்வுகள், உப்பு மிகுந்த குடிநீருக்கும் கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்கும் தொடர்பு கண்டன. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றினால் வலிப்பு வரும், தாயின் உயிருக்கே ஆபத்து. உங்கள் ஊரில் தண்ணீர் கரித்தால் குடிநீர் வாரியத்தின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கூடவே செவிலியரிடம் எத்தனை கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு என்ற எண்ணிக்கையையும் கேட்டு, இரண்டையும் ஒரே மனுவில் வையுங்கள். தனித்தனியாகத் தந்தால் இரண்டு துறைகளும் தனித்தனியாக மூடி வைத்துவிடும்.

ஏழாம் படி: கிராம சபையில் தீர்மானமாக்குங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வெயிலுக்கான தீர்மானத்தை ஜனவரியிலேயே போடுங்கள். மே 1 அன்று போட்டால் வெயில் பாதி போயிருக்கும். வெள்ளத்துக்கானது ஆகஸ்ட் 15-ல். பெண்கள் பின்வரிசையில் நின்றுகொண்டு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகும் கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. முந்தின வாரமே மகளிர் குழுவில் பேசி, யார் எழுந்து வாசிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

தீர்மானம் இப்படி இருக்கலாம்:

"பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 41-ன்படி ஊராட்சிக்குள்ள கடமையின் கீழ், மார்ச் முதல் ஜூன் வரை ஊராட்சி வேலைகள் அனைத்தும் காலை 11 மணிக்குள் முடிக்கப்படும். வேலையிடங்களில் நிழல், குடிநீர், மறைப்புக் கழிப்பறை அமைக்க ஊராட்சிச் செயலர் பிப்ரவரி 28-க்குள் ஏற்பாடு செய்வார். வழி துண்டிக்கப்படும் தெருக்களின் பட்டியல் ஆகஸ்ட் 31-க்குள் வட்டாட்சியருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் அனுப்பப்படும். இவை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும் என மாவட்ட ஆட்சியரை இச்சபை கேட்டுக்கொள்கிறது."

ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆள் அல்லது தேதி இருப்பதைக் கவனியுங்கள். "ஆவன செய்யப்படும்" என்று எழுதிக்கொடுத்தால் ஏற்காதீர்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டுப்பாடற்ற நிதி வருகிறது. ஓ.ஆர்.எஸ்., பந்தல், அவசர வண்டி வாடகை அதிலேயே முடியும். கழிப்பறைக்கு நிதிக்குழு மானியம். 2021-26 காலத்தில் அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மேலே மாவட்டத்தில், 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் மாவட்டப் பொறுப்பும் கலெக்டரிடம்தான். பேரிடர், பருவநிலை, சுகாதாரம் என்று மூன்று கோப்புகளும் ஒரே மேசைக்கு வருகின்றன. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு தரும்போது மூன்றையும் குறிப்பிட்டு ஒரே மனுவாகத் தாருங்கள்.

சமூக நலத்துறை நடத்தும் சமுதாய வளைகாப்பையும் பயன்படுத்தலாம். நூறு கர்ப்பிணிகள் ஒரே இடத்தில் கூடும் நாள். சீர்த்தட்டில் ஒரு தண்ணீர் பாட்டிலும் 108-க்கு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற சீட்டும் சேர்ந்தால் யாருக்கும் பாரமில்லை.

எட்டாம் படி: எழுத்தில் பதில் வாங்குங்கள்

மனு கிடப்பில் போனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. கேள்விகள் குறிப்பாக இருக்கட்டும்:

"பிரிவு 31-ன்படி மாவட்டத் திட்டம் கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது? அதில் கர்ப்பிணிகள் குறித்த பக்கங்களின் நகல் தருக. கடந்த மூன்று ஆண்டுகளில் புயல், வெள்ள எச்சரிக்கையின்போது முன்கூட்டியே மாற்றப்பட்ட கர்ப்பிணிகளின் எண்ணிக்கை ஆண்டுவாரியாகத் தருக. வெப்ப அலைக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து மாவட்டம் பெற்ற தொகை, செலவிட்ட தொகை, செலவின வாரியாகத் தருக."

"ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். கருத்துக் கேள்வி என்று தள்ளிவிடுவார்கள். நகல், தேதி, எண்ணிக்கை, தொகை மட்டும். அந்தப் பதில்தான் பிறகு உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுவுக்கு அடித்தளம். வழக்கறிஞர் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

ஒன்பதாம் படி: பறிபோன உயிர்களைக் கணக்கில் ஏற்றுங்கள்

இது எனக்கு மிகவும் மனவேதனை தரும் இடம். வெயிலில் மயங்கி விழுந்து இறந்தவர் கணக்கில் வருகிறார். வெயிலில் களை பறித்துவிட்டு வந்த இரவு வயிற்றுக்குள் அசைவு நின்றுபோன குழந்தை எந்த வெப்பக் கணக்கிலும் வருவதில்லை. "விதி" என்று சொல்லி, பேர் வைக்காமலே புதைத்துவிடுகிறார்கள். கணக்கில் வராததற்கு நிதியும் வராது.

1969-ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில், 28 வாரம் நிறைந்த பிறகு வயிற்றிலேயே இறந்து பிறக்கும் குழந்தையையும் பதிய வேண்டும். கட்டணமில்லை, 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் மருத்துவமனையே பதியும். வீட்டில் நடந்தால் குடும்பம் சொல்ல வேண்டும். வேதனையில் இருக்கும் வீட்டுக்கு உடனே போய் இதைப் பேச முடியாது. சில நாள் கழித்து, தெரிந்த பெண் ஒருவர் போய், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கேட்பார்கள். நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால் கரு கலைந்தாலும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

பிறகு வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒரு கோரிக்கை. கர்ப்பிணிப் பதிவேட்டில் "வேலை" என்ற இடத்தில் "கூலி" என்று மட்டும் எழுதாமல், சூளையா, உப்பளமா, வயலா, எத்தனை மணி நேரம் வெயிலில் என்று எழுதச் சொல்லுங்கள். கரு கலைதலையும் இறந்து பிறத்தலையும் அந்த மாத வெப்பநிலையோடு சேர்த்துப் பார்க்க அது ஒன்று போதும். 2019-ல் தொடங்கிய பருவநிலை மாற்றமும் மக்கள் நலமும் குறித்த தேசியத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் பணிக்குழு உண்டு. அந்தக் கணக்கை அங்கே வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மூன்று கோடைகளின் கணக்கு சேர்ந்தால், 4 லட்சம் ரூபாய் உத்தரவைத் திருத்தி இந்தத் தாய்களையும் சேர்க்கும்படி அரசிடம் கேட்கலாம். செவிலியரின் அடுத்த மாதப் பதிவேட்டிலேயே இதைத் தொடங்க முடியும்.